வாசகர் சங்க ஆண்டறிக்கை: பொருளாளர் ஐயாவை இழந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. நூலக அறை அலமாரிகளைச் சரிசெய்தோம். புத்தகப் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றியாயிற்று. இரவல் போன புத்தகங்களில் சில இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் யார் யார் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. மேடையில் வாசிக்க வைத்துவிடாதீர்கள். செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள் கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் வந்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

பொருளாளர் என்றதும் இங்கே பலருக்கு இன்னும் வேறொரு முகம்தான் நினைவுக்கு வரும். இப்போதைய பொருளாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் அந்த மனிதரைக் கடைசிவரை ‘பொருளாளர் ஐயா’ என்றுதான் கூப்பிட்டார். பொறுப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பெயரோடு, இந்த ஆண்டின் நடுவில் ஐயா நம்மை விட்டுப் பிரிந்தார். நிர்வாகக் குழு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றிக் குடும்பத்துக்கு அனுப்பியது. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்ற வரி அதில் இருக்கிறது. எல்லாத் தீர்மானங்களிலும் அந்த வரி இருக்கும். தீர்மானத்தில் அடங்காத சிலவற்றைக் குழுவின் அனுமதியோடு இங்கே பதிவுசெய்கிறேன். அறிக்கை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லாரும் ‘கடைசி மூச்சுவரை மாணவராக இருந்தார்’ என்றார்கள். உண்மைதான். ஆனால் அவர் என்னென்ன படித்தார், எப்போது படித்தார் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார். மூத்த மகளுக்கு இயற்கணிதம் வரவில்லை. ஐயா ட்யூஷன் தேடவில்லை. அவள் பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தானும் போட ஆரம்பித்தார். அலுவலகம் விட்டு வந்ததும் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கணக்கைப் போடுவார்களாம். அவருடையது தப்பாக வந்த நாட்களில்தான் தனக்குத் தைரியம் வந்தது என்று அந்த மகளே கூட்டத்தில் சொன்னார். இளைய மகள் வானத்தைக் காட்டிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அவர் வானியலுக்குப் போனார்.

அவருடைய குறிப்பேடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கணக்கெழுதிப் பழகிய கை அல்லவா, பக்கத்தின் நடுவே கோடு கிழித்து இடது பக்கம் ‘வரவு’, வலது பக்கம் ‘செலவு’ என்று போட்டிருப்பார். புதிதாகத் தெரிந்துகொண்டது வரவு. தெரியும் என்று நினைத்திருந்து, பிறகு தப்பு என்று ஆனது செலவு. 2006 ஆகஸ்ட் 24 தேதியிட்ட பக்கத்தில் செலவுப் பத்தியில் ‘புளூட்டோ’ என்று ஒரே ஒரு சொல். சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் என்று வகைப்படுத்திய நாள் அது. செலவுப் பத்தி காலியாகவே இருந்தால் அந்த மாதம் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம் என்பார்.

2004 ஜூன் 8 அன்று சூரியனின் முகத்தைக் கடந்து வெள்ளி போனது. யாரும் நேராகப் பார்த்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, கறுப்புப் புள்ளி நகர்வதை மகள்களுக்குக் காட்டினார். இந்த நிகழ்வு 8 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. 2012 ஜூன் 6 அன்று அதே அட்டையை எடுத்து வந்து, கைக்குழந்தையாக இருந்த பேரனையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அன்றைய வரவுப் பத்தியின் கடைசி வரி: ‘அடுத்தது 2117 டிசம்பர். பேரனின் பேரன் பார்த்துக்கொள்ளட்டும்.’

சரி, இனி சங்கத்துக்கு நேராகத் தொடர்புடைய விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய துணைவியாருக்குக் கண் அழுத்த நோய் என்று தெரியவந்தது. குளுக்கோமா என்றால் உங்களுக்குத் தெரியும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும். பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அம்மாவுக்குத் தெரிந்தபோது நிறையவே போய்விட்டிருந்தது. நெருங்கிய ரத்த உறவுகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்று படித்ததும் முதல் வேலையாக இரண்டு மகள்களையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு நம்மில் பலரும் போய்ப் பார்த்துக்கொண்டோம், நான் உட்பட.

அப்புறம் ஒருநாள் நூலக அறைக்குப் பிரெய்ல் ஸ்லேட்டோடு வந்தார். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெய்ல். அதைத் தாளில் குத்தி எழுத உதவும் சட்டம் அந்த ஸ்லேட். வாசிக்காமல் இருக்க முடியாதவர் அம்மா. ‘ஆடியோ புத்தகம் இருக்கிறதே?’ என்று ஒருவர் கேட்டார். ‘அது கேட்பது. அவளுக்குத் தானே படிக்க வேண்டுமாம்’ என்றார் ஐயா. இருவரும் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். லூயி பிரெய்ல் 1824-ல், 15 வயதில், 12 புள்ளிகள் கொண்ட ஒரு ராணுவ முறையைச் சுருக்கி 6 புள்ளிகளில் இந்த எழுத்தை அமைத்தவர் என்று படித்துவிட்டு, ‘சின்னப் பையன் செய்ததைக் கற்றுக்கொள்ளக்கூட நமக்கு வலிக்கிறதா?’ என்று அம்மாவைச் சீண்டுவாராம்.

வலிக்கத்தான் செய்தது. புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். வயதாக ஆக விரல் நுனியின் உணர்வு மங்கும். புதிதாகப் படிப்பவர்கள் புள்ளி தட்டுப்படவில்லை என்று அழுத்துவார்கள். அழுத்தினால் இன்னும் தெரியாது. பட்டும் படாமல் பக்கவாட்டில் விரலை ஓட்ட வேண்டும். அம்மாவுக்கு அது பிடிபட மாதக்கணக்கில் ஆனது. எழுதுவதில் தடுமாறியவர் ஐயா. ஸ்லேட்டில் தாளின் பின்பக்கமிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் குத்த வேண்டும். பிரெய்லில் இகரமும் ஏகாரமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். திருப்ப மறந்தால் ‘இன்று’ என்பது ‘ஏன்று’ ஆகிவிடும். அவர் எழுதிய முதல் கடிதத்தை விரலால் தடவிப் படித்து அம்மா சிரித்த சிரிப்பை, தான் வாங்கிய மதிப்பெண்ணாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறதியை அவர் கையாண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். மறக்கப்போகிற நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இந்த அடிப்படையில் 1970-களில் லைட்னர் என்பவர் பெட்டி முறையைப் பரப்பினார். அட்டைக்கு ஒரு எழுத்து. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தப்பினால் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியைத் தினமும் எடுக்க வேண்டும், கடைசிப் பெட்டியை எப்போதாவது எடுத்தால் போதும். ஐயா பழைய செருப்புப் பெட்டிகளை வரிசையாக ஒட்டி இதைச் செய்தார். இப்போது நம் மொழி வகுப்புகள் எல்லாவற்றிலும் இந்தப் பெட்டிதான் ஓடுகிறது. அழகாக இல்லை என்று சிலர் மாற்றச் சொன்னார்கள். குழு மறுத்துவிட்டது, சரியாகவே மறுத்தது என்பது என் எண்ணம்.

அவரால் எனக்குத் தொல்லையும் உண்டு. எந்தப் பேச்சாளர் வந்தாலும், உரை முடிவதற்குள் ‘அது எப்படித் தெரியும்?’ என்று முன்வரிசையிலிருந்து கேட்டுவிடுவார். குரலில் வம்பு இருக்காது, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமே இருக்கும். ஆனால் மேடையில் நிற்பவருக்கு வியர்த்துவிடும், கூட்டமும் நேரத்துக்கு முடியாது. இந்த ஆண்டின் பின்பாதிக் கூட்டங்கள் எல்லாம் குறித்த நேரத்தில் முடிந்தன. செயலாளர் என்ற முறையில் இதைச் சாதனையாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

குடும்பத்தார் அவருடைய குறிப்பேடுகளைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மகள்களுக்கும் பேரனுக்கும் எழுதிய பக்கங்களை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். மீதியை அறையிலேயே உட்கார்ந்து படிக்கலாம், இரவல் கிடையாது. அவர் தொடங்கிய சனிக்கிழமைப் பிரெய்ல் வகுப்பு இரண்டு மாதம் நின்று, மறுபடி நடக்கிறது. நடத்துபவர் அம்மா. பார்வையுள்ளவர்களும் சேரலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டுதான் படிக்க வேண்டும், எட்டிப் பார்ப்பவர்களை அம்மா எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்.

வகுப்புக்குக் கூடுதலாக ஸ்லேட்டுகளும் கெட்டித் தாளும் தேவை. அதற்கான தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்