செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: ஒழுகும் வண்டிகளும் ஒழுகாத ஒரு வண்டியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, டீ கொண்டுவந்து வைத்துவிட்டு "இன்னுமா முடியல?" என்று கேட்டுப் போகும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் சுற்றுவட்டாரத்தில் பழைய அமெரிக்க டூரிங் (நெடும்பயண) மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம் நண்பர்கள் சங்கத்தில் இப்போது 17 பேர் இருக்கிறோம். புதிதாக இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் டெக்சஸுக்குக் குடிபோனார். அவருடைய வண்டி போகவில்லை, நம் தலைவரின் கராஜில்தான் நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செலவில் முதலிடம் யாருக்கு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பூனை மணல், அதாவது வீட்டுப் பூனையின் கழிவை உறிஞ்சப் போடும் மணல். சங்கத்தில் யாரும் பூனை வளர்க்கவில்லை. கூட்டம் நடக்கும் வீடுகளில் தரையில் சிந்தும் ஆயிலை உறிஞ்ச அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது.

செயலாளர் ஏன் ஒவ்வொரு பயணத்தையும் தேதி போட்டு எழுதி வைக்கிறார் என்று புதியவர்கள் கேட்டார்கள். ஒஹாயோவில் 25 ஆண்டு கடந்த வண்டிக்கு வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கலாம். ஆனால் அந்த பிளேட்டோடு தினமும் வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், சங்கப் பயணம் போன்றவற்றுக்குத்தான் ஓட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் குறிப்பேடு. பால் வாங்கப் போவதையும் சங்க நிகழ்ச்சியாகத் தீர்மானம் போடலாமே என்று ஜூன் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. செயற்குழு சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனது.

இனி, இந்த ஆண்டு முழுக்க நம்மைப் பேச வைத்த விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரிடம் இருப்பது 1981 ஹோண்டா கோல்டு விங். மார்ச்சில் அவர் விண்ணப்பம் கொடுத்த அன்றே "ஹோண்டாவா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நம் விதியில் "அமெரிக்கத் தயாரிப்பு" என்றுதான் இருக்கிறது, "அமெரிக்க நிறுவனம்" என்று இல்லை. விதியை எழுதியவன் நான்தான். அன்றைக்கு ஹோண்டா என் நினைவில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

விண்ணப்பதாரரின் வாதம் எளிமையானது. 1980 முதல் கோல்டு விங் நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மேரிஸ்வில் தொழிற்சாலையில்தான் தயாரானது. 1983இல் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் கேட்டு ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டபோது, ஒஹாயோவில் செய்த கோல்டு விங் அதில் மாட்டவில்லை. "கேட்டவர் ஹார்லி, வரி போட்டவர் ரீகன். அவர்களாலேயே என் வண்டியை வெளிநாட்டு வண்டி என்று சொல்ல முடியவில்லை, நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார்.

எதிர்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அன்னா என்ற ஊரில் ஹோண்டாவின் என்ஜின் தொழிற்சாலை 1985இல்தான் வந்தது. ஆகவே 1981 வண்டியின் என்ஜின் கப்பலில் வந்தது, இங்கே கோத்தது மட்டும்தான் என்றார்கள். கூட்டம் அந்தப் பக்கம் சாயும்போது இண்டியன் கம்பெனியின் சீஃப் வண்டி வைத்திருக்கும் அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "செயலாளரே, உங்கள் ஹார்லியின் கார்புரேட்டர் என்ன கம்பெனி?" என்று கேட்டார். என்னுடையது 1979 எலக்ட்ரா கிளைடு. கார்புரேட்டர் கேஹின். அது ஜப்பான் கம்பெனி என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் பேச்சு ஹோண்டாவை விட்டு ஏஎம்எஃப் காலத்துக்குத் தாவியது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பவுலிங் ஆட்டத்தின் கட்டைகளை நிறுத்தி வைக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஏஎம்எஃப், 1969இல் ஹார்லி-டேவிட்சனை வாங்கியது. 1981இல் 13 நிர்வாகிகள் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் வந்த வண்டிகளுக்கு இன்றுவரை கெட்ட பெயர்தான். அவசர அவசரமாகக் கோத்தார்கள், போல்ட் நிற்காது, ஆயில் நிற்காது என்பார்கள். டேங்கில் இருக்கும் ஏஎம்எஃப் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

என் வண்டியில் அந்த மூன்று எழுத்தும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பணம் வராமல் இருந்தால், 1953இல் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரிப்பு நின்றுபோன இண்டியனுக்கு நேர்ந்தது மில்வாக்கியில் ஹார்லிக்கும் நேர்ந்திருக்கும் என்பது என் கட்சி. நம் சங்கத்தில் இந்தக் கட்சியில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், இரண்டு பேரிடமும் இருப்பது ஏஎம்எஃப் வண்டி. ஆகவே இதை நடுநிலைக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவர் வரவில்லை, வாக்கெடுப்பு ஒன்பதுக்கு ஏழு. கோல்டு விங் உள்ளே வந்தது. விதியையும் திருத்தினோம்: அமெரிக்க மண்ணில் கோத்த, 35 ஆண்டு நிறைந்த டூரிங் வண்டி எதுவானாலும் சரி. தோற்ற ஏழு பேரும் அன்றைக்கு டீ குடிக்காமல் போனார்கள். அடுத்த மாதமே வந்துவிட்டார்கள், அது வேறு.

செப்டம்பரில் நெடும்பயணம். 23ஆம் எண் நெடுஞ்சாலையில் சில்லிகாத்தி, போர்ட்ஸ்மத் வழியாகக் கென்டக்கிக்குள் இறங்கி, பைக்வில்லில் தங்கி, வர்ஜீனியா, டென்னசி கடந்து வட கரோலினாவில் மேகி வேலிக்குப் போனோம். அங்கே இருக்கும் வீல்ஸ் த்ரூ டைம் அருங்காட்சியகம் முழுக்க அமெரிக்க வண்டிகள். கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல் ஸ்டார்ட் செய்து காட்டுகிறார்கள். நம்மவர்கள் வண்டிகளைப் பார்த்ததைவிட அவற்றுக்குக் கீழே வைத்திருந்த தட்டுகளைக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். அங்கேயும் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் ஒரு பெரிய நிம்மதி.

பைக்வில்லில் காலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன். 1958 ஹார்லி டுவோ-கிளைடு வைத்திருக்கும் அண்ணன் ஊரில் புல்லட் ஓட்டியவர். புல்லட்டில் அம்மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து உதைக்கும் பழக்கம். டுவோ-கிளைடில் அதெல்லாம் இல்லை. பெட்ரோலைத் திறந்து, சோக்கை இழுத்து, சாவி போடாமலே இரண்டு உதை. பிறகு இடது கைப்பிடியைத் திருப்பி ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, சாவி போட்டு ஓர் உதை. அதைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் வண்டி நம்மைத் திருப்பி உதைக்கும். அன்று மறந்துவிட்டார். கணுக்கால் வீங்கியது, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஓட்டலின் ஐஸ் முழுக்க அவர் காலுக்குப் போனது. "புல்லட்டும் உதைக்கும், ஆனா சொல்லிட்டு உதைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் என் வண்டியில் சைலன்சர் கிளாம்ப் கழன்றது. 45 டிகிரியில் இரண்டு சிலிண்டர், என்ஜின் நேராக ஃப்ரேமில் இறுகியிருக்கிறது, அதிர்வைத் தாங்க நடுவில் ரப்பர் இல்லை. எந்த போல்ட்டும் 200 மைலுக்கு ஒருமுறை நலம் விசாரிக்கச் சொல்லும். சாலையோரம் நிறுத்தியபோது சரியான ஸ்பானர் கோல்டு விங்காரரின் பெட்டியில்தான் இருந்தது. அவர் வண்டியோ தண்ணீரில் குளிரும் நாலு சிலிண்டர், செயின் இல்லாத ஷாஃப்ட். வழி முழுக்க ஒரு சொட்டு சிந்தவில்லை. மார்ச்சில் எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் அந்த வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். பாராட்டா புகாரா என்று குறிப்பேட்டில் எழுதத் தெரியவில்லை.

சொந்தக்காரர்களைப் பற்றிய புகார்களும் வழக்கம்போல வந்தன. டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்றுபவர்கள் மீது ஓட்டுபவர்களுக்குக் கோபம். பழைய பெயின்ட்டை உரித்துப் புதிதாக அடிப்பவர்கள் மீது, துருவையும் சேர்த்துக் காப்பவர்களுக்குக் கோபம். தோல் அங்கி முழுக்கச் சின்னம் தைத்துக்கொள்பவர்களைப் பற்றி வீட்டுக்காரர்களின் கருத்து தனி. என் வீட்டில் அதற்குப் பெயர் "ஸ்கூல் யூனிஃபார்ம்".

ஒன்றை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்: பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஹார்லிகளில் இருக்கும் லிங்கர்ட் கார்புரேட்டருக்கு ஆகாது. கார்க் மிதவையின் மேல்பூச்சு கரைந்து, மிதவை மூழ்கி, பெட்ரோல் வழியும். எத்தனால் இல்லாத பெட்ரோல் விற்கும் பம்புகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குளிர்காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. போன வசந்தத்தில் என் வண்டியை நான்கு மாதம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஆயில் டேங்கில் இருந்த ஆயில் மெல்ல மெல்ல என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருந்தது தெரியாது. ஸ்டார்ட் ஆன வேகத்தில் பிரீதர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியாகக் கராஜ் தரை முழுக்கக் கக்கிவிட்டது. காயப்போட்டிருந்த வேட்டி ஒன்றும் போனது. மார்ச்சில் முதலில் கிராங்க் கேஸை வடித்துவிட்டு அப்புறம் சாவியைத் தொடுங்கள்.

நிர்வாகிகள் தேர்தலுக்கு இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை, ஆகவே பழையவர்களே தொடர்கிறோம். அடுத்த கூட்டம் ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை, கோல்டு விங்காரர் வீட்டில். அவருடைய கராஜ் தரைக்குப் புதிதாக எபாக்சி பூசியிருக்கிறார். ஹார்லிக்காரர்கள் அட்டைப்பெட்டியோடு வரவும்.