அம்மா வேடத்துக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள்: தொடர் தயாரிப்பாளர்களுக்கும் அலைவரிசைகளுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை ஒளிபரப்பும் அலைவரிசைகளின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

சின்னத்திரையில் சில வருடங்கள் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன் நான். சீன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, நடிகர்களுக்கு வசனத்தைச் சொல்லிக் கொடுத்து ப்ராம்ப்ட் செய்தவன். இப்போது அந்தத் துறையில் இல்லை. அங்கே பார்த்த சிலரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். கதாநாயகிகளைப் பற்றி அல்ல. கதாநாயகியின் அம்மா, மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, சமையல்காரம்மா என்று தொடர் முழுக்க வந்துபோகிற நடிகைகளைப் பற்றி. அவர்களை வேலைக்கு எடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

முதலில் ஒரு நன்றியும் சொல்லியாக வேண்டும். நடிகைக்கு வயதாவதற்கு முன்பே அவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்யும் பழக்கம் நம் சினிமாவுக்கு உண்டு. வடிவுக்கரசி 1979-இல் 'கன்னிப் பருவத்திலே' படத்தின் கதாநாயகி. 1985-இல் 'முதல் மரியாதை'யில் சிவாஜி கணேசனின் மனைவி பொன்னாத்தா; படம் பார்த்தவர்கள் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள். 1997-இல் 'அருணாச்சலம்' வந்தபோது அவர் ரஜினிகாந்துக்குப் பாட்டி. ரஜினி பிறந்தது 1950-இல். பாட்டியாக நடித்தவர் அவரைவிட இளையவர். நாயகியிலிருந்து பாட்டிக்குப் பதினெட்டே வருடங்கள். அந்தப் பதினெட்டு வருடத்தில் ரஜினி நாயகனாகவே இருந்தார். வடிவுக்கரசி எந்த வேடத்தையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் கலைஞர், அதனால் அந்தப் பாட்டியும் நிற்கிறது. ஆனால் அவருக்கு வேறு என்ன வேடங்கள் எழுதப்பட்டன என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

அப்படி சினிமா கைவிட்ட வயதில் வேலை கொடுத்தது தொலைக்காட்சிதான். 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' மூலம் வந்த ராதிகா, 1999 இறுதியில் 'சித்தி' தொடரைத் தொடங்கியபோது, முப்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருத்தி கதையின் நடுவில் நிற்கலாம், வீட்டில் எல்லாரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள் என்பது தெரிந்தது. 1996-இல் 'காதல் கோட்டை' நாயகியான தேவயானி, 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரில் அபியாக 1533 எபிசோட்களைச் சுமந்தார். எந்த சினிமாவும் ஒரு பெண் பாத்திரத்துக்கு அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. நீங்கள் கொடுத்தீர்கள். மனதார நன்றி.

ஆனால் ராதிகாவுக்குச் சொந்த நிறுவனம் இருந்தது. எந்த நேரத்துக்கு வேலை, எவ்வளவு நாள், கதை எங்கே போகிறது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்ய முடிந்தது. அதே தொடர்களில் அவருக்குப் பின்னால் நின்ற பெண்களுக்கு அந்த வசதி கிடையாது.

அவர்களுடைய ஒரு நாளை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். முந்தின நாள் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேனேஜரிடமிருந்து போன் வரும். "அக்கா, காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. நாலு சேலை எடுத்துட்டு வாங்க. ஒண்ணு கல்யாண சீனுக்கு, கொஞ்சம் கிராண்டா." அந்தச் சேலையும், அதற்குப் பொருத்தமான ஜாக்கெட்டும், கவரிங் நகையும் நடிகையின் சொந்தக் காசு. ஒரு முறை கட்டிய சேலையை அதே தொடரில் சீக்கிரம் திரும்பக் கட்ட முடியாது. பணக்கார மாமியார் வேடம் என்றால் இன்னும் மோசம். நாள் சம்பளத்தில் கணிசமான பங்கு துணிக்கடைக்கே போய்விடும். காலையில் போரூர் பக்கமோ ஈசிஆர் பக்கமோ ஷூட்டிங் பங்களாவுக்கு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வந்து சேர்ந்து, மேக்கப் போட்டு உட்கார்ந்தால், முதல் ஷாட் மதியம் இரண்டு மணிக்கு வரலாம். நாயகிக்கு வேறு வேலை இருந்தால் அவர் காட்சிகள் முன்னால் போகும். அத்தையும் சித்தியும் காத்திருப்பார்கள். அப்புறம் இரவு ஒன்பதுக்கு மேல், "இன்னும் ஒரே ஒரு சீன்தான்" என்று ஆரம்பிக்கும்.

அந்த ஒரு சீனில்தான் அவர்கள் அழ வேண்டியிருக்கும். பதினான்கு மணி நேரம் காத்திருந்து, பசியும் தூக்கமுமாக இருக்கிற ஒருவர், இரண்டு பக்க வசனத்தை அப்போதுதான் காதில் வாங்கி, ஒரே டேக்கில் அழுது முடித்ததை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிளிசரின் பாட்டிலைத் தொடாமலே அழுவார்கள். அரைமணி நேர இடத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் போலப் படம் வேண்டும், வாரத்துக்கு ஆறு எபிசோட் போக வேண்டும் என்ற உங்கள் கணக்கு தவறாமல் நடப்பது இவர்களால்தான். புதுமுக நாயகி தடுமாறுகிற காட்சியைத் தூக்கி நிறுத்துவதும் பெரும்பாலும் எதிரில் நிற்கும் அந்த அம்மாதான்.

இவ்வளவுக்கும் அவர்களிடம் இருப்பது ஒரு வாய்ச்சொல். நாள் சம்பளம் இவ்வளவு, மாதத்துக்கு இத்தனை நாள் இருக்கும், எபிசோட் ஒளிபரப்பான பிறகு பணம் வரும். எத்தனை நாள் கழித்து வரும் என்பது யாருக்கும் தெரியாது. நான் வேலை செய்த ஒரு தொடரில் மூன்று மாதத்துச் சம்பளம் நின்றுபோய், தொடரே முடிந்த பிறகும் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கோபமாகக் கேட்டால் அடுத்த தொடருக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில், "தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று மேனேஜரிடம் கெஞ்சுவார்கள். அந்த மேனேஜரின் வயது அவர்கள் மகன் வயது.

வேலை போவதும் வாய்ச்சொல்லில்தான். சில நேரம் அதுகூட இருக்காது. ஒரு நடிகை, தன் பாத்திரம் இறந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டது, சுவரில் மாலை போட்டு மாட்டுவதற்காகக் கலைப் பிரிவில் ஒருவர் போன் செய்து அவருடைய நல்ல போட்டோ ஒன்று கேட்டபோதுதான். அந்தத் தொடருக்காக வேறொரு தொடரை டேட் இடிக்கிறது என்று அவர் விட்டிருந்தார். போட்டோவை அனுப்பி வைத்தார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டிஆர்பி எண்கள் வந்தால் கதை மாறும், டிராக் மாறும், எந்தப் பாத்திரத்துக்கும் நாங்கள் உத்தரவாதம் தர முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். அது எனக்கும் தெரியும்; வியாழக்கிழமை எண்கள் வந்ததும் எழுதி வைத்த காட்சிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். பாத்திரத்தை உயிரோடு வைத்திருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதை முடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்த மாதத்துக்குப் பேசிய நாட்களின் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். கதையை மாற்றும் சுதந்திரம் உங்களுக்கு வேண்டும், சரி. அதன் செலவு முழுவதும் நாள் சம்பளக்காரர் தலையில் ஏன் விழ வேண்டும்?

நான் கேட்பது தயவு அல்ல. 1981-லேயே சினிமாத் தொழிலாளர்களுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. கதைப்படத்தில் வேலை செய்கிறவரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. அது சினிமாவை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதால் தொடர்கள் அதற்கு வெளியே நின்றன. 2020-இல் நிறைவேறிய, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த இடைவெளியை மூடிவிட்டது. தொலைக்காட்சி, இணையத் தொடர் எல்லாமே ஒலி-ஒளிப் படைப்பு என்று அதில் வருகின்றன; நடிகர்கள் தொழிலாளர்களாக வருகிறார்கள்; எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். சம்பள உச்சவரம்பு ஒன்று அதில் உண்டு என்பதால் பெரிய நட்சத்திரங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நான் சொல்லும் பெண்கள் போன்றவர்களுக்காகத்தான் அது எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நாயகியிடம் வேறு அலைவரிசையில் நடிக்கக் கூடாது என்பது வரை எழுதி வாங்கத் தெரிந்த உங்கள் சட்டப் பிரிவுக்கு, சித்தி வேடக்காரருக்கு இரண்டு பக்கம் எழுதுவது கஷ்டமான காரியம் அல்ல.

கேரளத்தில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டி 2019 இறுதியில் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. பாலியல் தொல்லை பற்றிய பகுதிகள்தான் நம் ஊர் விவாதங்களில் அதிகம் பேசப்பட்டன. அது நியாயமே. கூடவே, படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையும் அந்த அறிக்கை எழுதியிருந்தது. இவை ஒன்றோடொன்று சேர்ந்தவை. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது ஒரு தனி மனிதரின் வாயில் இருக்கும்வரை, அந்த மனிதரைப் பற்றிப் புகார் கொடுக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் சொல்கிறது. உங்கள் யூனிட்டில் பத்துப் பேர் டீ குடிக்கும் இடத்திலேயே இருப்பார்கள். குழுவில் யார் யார் என்று ஒப்பந்தத்தோடு எழுதிக் கொடுங்கள்.

பெயர் விஷயம் ஒன்றும் இருக்கிறது. இப்போது பல தொடர்களில் நடிகர் பட்டியல் ஓடுவதே இல்லை. ஓடினாலும் கண்ணில் படாத வேகத்தில் ஓடுகிறது. உங்கள் செயலிகளில் நாயகன், நாயகி பெயரோடு சரி. நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கோ வேறு எதற்கோ விண்ணப்பிக்கும்போது, முப்பது வருடம் நடித்தேன் என்பதற்கு அந்த அம்மாவிடம் என்ன சான்று இருக்கும்? செல்போனில் எடுத்த சில படங்கள் இருக்கும். தமிழக அரசு 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகளை 2022 செப்டம்பரில்தான் வழங்கியது. அவ்வளவு காலம் கழித்து யார் எந்தத் தொடரில் என்ன வேடம் செய்தார் என்று தேட வேண்டி வந்தால், முன்னணியில் இல்லாதவர்களுக்கு எந்தப் பதிவும் இருக்காது. குரல் கொடுப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆகவே அந்த இரண்டு பக்கத்தில் இவை இருக்கட்டும்: நாள் சம்பளம், மாதத்துக்குக் குறைந்தபட்ச நாட்கள், பணம் வர வேண்டிய தேதி, வேலை நேரம், அதற்கு மேல் போனால் கூடுதல் தொகை, உடைச் செலவு யாருடையது, விலக்குவதற்கு எவ்வளவு முன்னறிவிப்பு, திரையில் பெயர். இரவு பத்து மணிக்கு மேல் முடிந்தால் வீட்டுக்கு வண்டி. நகல் ஒன்று நடிகையின் கையில்.

அலைவரிசை நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தயாரிப்பாளருக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தாமதித்தால் அது கடைசியில் இவர்கள் வீட்டு வாடகையில் போய் முட்டுகிறது. புதுத் தொடருக்கு அனுமதி கொடுக்கும்போது பட்ஜெட்டையும் நாயகி போட்டோவையும் பார்க்கிறீர்கள். துணை நடிகைகள் அனைவரின் ஒப்பந்த நகலையும் அதே கோப்பில் கேளுங்கள். இருந்தால்தான் ஒளிபரப்புத் தேதி என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் அடுத்த பூஜைக்கு முன்பே அது தயாராகிவிடும்.

அன்புடன்,
முன்னாள் உதவி இயக்குநர் ஒருவர்
சாலிகிராமம், சென்னை