ஒரே பேப்பர், ரெண்டு டாக்டர், ரெண்டு பதில்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொம்பளைங்களுக்கு எடுக்குற சிறுநீர் வேக டெஸ்ட்ட பத்தி நம்ம பத்திரிகைல யாரும் எழுதி நான் பாத்ததில்ல, கூச்சம்தான் காரணமா இருக்கும். யூரோஃப்ளோனு சொல்வாங்க. புனல் வச்ச ஒரு நாற்காலில உக்காந்து ஒண்ணுக்கு போகணும், செகண்டுக்கு எத்தன மில்லி வருதுனு மெஷின் கோடு போட்டுக் காட்டும், அப்புறம் அடிவயித்துல ஸ்கேன் வச்சு மிச்சம் எவ்வளவு நிக்குதுனு பாப்பாங்க. ஊசி இல்ல, வலி இல்ல.

என் மாமியாருக்கு எடுத்தாங்க. ஒரு எடத்துல டாக்டர் "அடைப்பு மாதிரி தெரியுது, சிறுநீர் வர்ற குழாய விரிக்க வேண்டி வரலாம்"னாரு. அதே பேப்பர வேற எடத்துல காட்டினா "போனதே 130 மில்லிதான், இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, தண்ணி குடிச்சிட்டு மறுபடி எடுங்க"ன்னுட்டாங்க. "இதுல யாருடி பொய் சொல்றா"ன்னு மாமியார் கேட்டாங்க. யாரும் பொய் சொல்லல, அதான் பிரச்சினையே.

ஆம்பளைங்களுக்கு செகண்டுக்கு 10 மில்லிக்கு கீழ இறங்குனா அடைப்பா இருக்கலாம்னு ஓரளவுக்கு ஒரு கோடு இருக்கு, சிறுநீர்ப் பைக்கு கீழ ஆம்பளைங்களுக்கு இருக்குற ப்ரோஸ்டேட் சுரப்பிய நெனச்சு போட்ட கோடு அது. பொம்பளைங்களுக்கு ப்ரோஸ்டேட்டே கிடையாது, குழாயும் நாலு சென்டிமீட்டர்தான். எல்லாரும் ஒத்துக்குற நம்பர் ஒண்ணும் நமக்கு கிடையாது. 1989ல லிவர்பூல்ல, போற அளவ வச்சு வேகத்த ஒப்பிட பொம்பளைங்களுக்கும் சேத்து ஒரு சார்ட் போட்டாங்க, அத சில பேரு பாக்குறாங்க, சில பேரு கோட்டோட வடிவத்த கண்ணால பாத்தே சொல்லிடுறாங்க. மணி மாதிரி வளைஞ்சா நார்மல், விட்டு விட்டு வந்தா சந்தேகம். ஆனா வயித்த முக்கி போனாலும் விட்டு விட்டுத்தான் வரும். மெஷின யாராச்சும் இடிச்சாலும் கோடு குபுக்குனு ஏறும், ரெண்டு செகண்டுகூட நிக்காத அந்த மொனையவே மெஷின் அதிகபட்ச வேகம்னு அடிச்சுக் குடுத்துடும், அத கண்ணால பாத்து தள்ளணும்னு சர்வதேச வழிமுறையிலேயே இருக்கு, எத்தன பேரு தள்ளுறாங்களோ தெரியல. மிச்சம் நிக்குறதுலயும் அதே கதைதான், ஒருத்தருக்கு 50 மில்லியே அதிகம், இன்னொருத்தர் 150 வரைக்கும் பரவால்லம்பாரு.

எல்லாத்துக்கும் மேல, வேகம் கம்மியா இருந்தா குழாய்ல அடைப்பா இல்ல சிறுநீர்ப் பையோட தசைக்கு பலம் இல்லையானு இந்த டெஸ்ட் சொல்லவே சொல்லாது, அதுக்கு சின்ன டியூப் வச்சு அழுத்தத்தையும் சேத்து அளக்கணும். அப்புறம் எப்படி இந்த ஒரு பேப்பர மட்டும் வச்சுக்கிட்டு குழாய விரிக்கிறதப் பத்தி பேசுறாங்கனு எனக்கு புரியல.

டாக்டருங்க எவ்வளவு ஒத்துப்போறாங்கனு அளக்கவும் வழி இருக்கு, கப்பானு பேரு, 1960ல கோஹென்னு ஒருத்தர் குடுத்த கணக்கு. 100 பேப்பர்ல ரெண்டு டாக்டரும் ஆளுக்கு 90 நார்மல்னு சொன்னா, ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லனாகூட 82 பேப்பர் குருட்டாம்போக்குல பொருந்திடும். அந்த குருட்டு பங்க கழிச்சிட்டு மிச்சத்த பாக்குறதுதான் கப்பா, 1 வந்தா முழு ஒத்துமை, 0 வந்தா வெறும் அதிர்ஷ்டம். அதனால "எங்க டாக்டருங்க நூத்துக்கு எம்பது ஒத்துப்போறாங்க"னு எந்த ஆஸ்பத்திரியாச்சும் பெருமையா சொன்னா, நம்பர அப்படியே வாங்கிக்காதீங்க லா.

இன்னொண்ணு, டெஸ்ட் எடுக்குற விதம். எஸ்டேட்ல வளந்த நம்ம பாட்டிங்க ஆயுசு முழுக்க குந்தியே பழகினவங்க, திடீர்னு ஒரு நாற்காலில உக்காத்தி வச்சு, கதவுக்கு வெளிய மிஸ்ஸி, அதான் நர்ஸ், நின்னுக்கிட்டு மலாய்ல "சுடா கா", முடிஞ்சதானு கேட்டா எங்கேர்ந்து வரும்? பாதி வந்து நின்னுடும், அத கோடு அப்படியே எழுதி வச்சுடும். முடிஞ்சதும் "வீட்ல போற மாதிரிதான் போனுச்சா"னு கேட்டு அந்த பதில பேப்பர்லயே குறிச்சு வச்சா பார்க்குற டாக்டருக்கு பாதி குழப்பம் தீரும். மாமியார்கிட்ட யாரும் கேக்கல.

கேஎல்லயும் பினாங்குலயும் இருக்குற ஆஸ்பத்திரிங்க பழைய பேப்பருங்கள பேர மறைச்சு ரெண்டு மூணு டாக்டருங்ககிட்ட தனித்தனியா குடுத்துப் பாக்கணும், கொஞ்ச வாரம் கழிச்சு அதே டாக்டருக்கே திரும்பவும் குடுக்கணும், தன்னோட பதிலோட தானே ஒத்துப்போறாரானு தெரியும். பெரிய செலவு ஒண்ணும் கிடையாது. நம்ம அம்மா, அக்காமாருங்களும் வெறும் நம்பர மட்டும் கேட்டுக்கிட்டு வராம, கோடு போட்ட பேப்பரோட காப்பிய கேட்டு வாங்கி வச்சுக்கணும், 150 மில்லிக்கு கம்மியா போயிருந்தா இன்னொரு தடவ எடுக்கச் சொல்லணும். வாசகர்கள்ல டாக்டரோ மிஸ்ஸியோ இருந்தா, உங்க எடத்துல இத எப்படி படிக்கிறீங்கனு இந்தப் பகுதிக்கே எழுதுங்க.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி, கோலாலம்பூர்