பழைய க்யூவா, புதிய க்யூவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

"பழசு மாதிரி வருமா" என்று, மேஜையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழிக்குள் தள்ளும் பூல் ஆடுபவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என்னிடம் ஒரே நிறுவனத்தின் க்யூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், இரண்டு உண்டு, ஒன்று இருபது வருஷத்துக்கும் மேல் பழையது, மற்றது போன வருஷம் வாங்கியது. இரண்டுமே 58 அங்குலம், 19 அவுன்ஸ். ஆனால் ஆடிப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பழையதன் முன்தண்டு மேப்பிள் மரம், நுனி 13 மில்லிமீட்டர். பந்தில் பட்டதும் உள்ளங்கை வரை 'டொக்' என்று வரும், அந்த சுகமே தனி. புதியது கார்பன் ஃபைபர், நுனி 12.4, முனைப்பக்கம் எடை குறைவு என்பதால் வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடித்துச் சுழல் கொடுக்கும்போது பந்து எதிர்ப்பக்கம் விலகுவதும் குறைவு. அந்த விலகலைக் கணக்குப் போட்டே குறிவைத்துப் பழகிய எனக்கு முதல் ஒரு மாதம் பந்தெல்லாம் குழியின் உதட்டில்தான் முட்டியது! அப்புறம் பிடிபட்டது. ஈரக்காற்றில் வளைகிற தொல்லையும் இதற்கு இல்லை.

சரி, அடிப்பாகம்? பழையதில் கூர்கூரான வேலைப்பாடு மரத்தை வெட்டிப் பொருத்தியது, புதியதில் ஸ்டிக்கர் ஒட்டி மேலே வார்னிஷ். இதை எந்தக் கணக்கில் முன்னேற்றம் என்பது? பழைய அடிப்பாகத்தில் புதிய முன்தண்டை மாட்டலாம் என்றால் இணைப்புத் திருகின் மரையையும் மாற்றிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்