பாதிப் பூசணியில் ஓர் இராச்சாப்பாடு

ஸ்காபரோ,
ஒக்டோபர் 2

அன்பு மகளுக்கு,

நன்றி நவிலல் நாளுக்கு மூன்று சிநேகிதிகளைச் சாப்பிட அழைத்திருப்பதாகவும், அவர்களில் ஒருத்தி இறைச்சி தொடமாட்டாள் என்பதால் வான்கோழியை விட்டுவிட்டு, இலையுதிர்காலம் தோறும் நம் வீட்டில் நான் உள்ளே கலவை நிரப்பிச் செய்யும் பூசணிக்காயைச் செய்ய நினைப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். அப்போது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அவசரத்தில் சொன்னவை உனக்குப் போதா. இந்தச் சமையலில் பிழைபோகக்கூடிய இடங்கள் எல்லாம் மிகச் சிறிய இடங்கள். பேச்சில் அவை நழுவிவிடும். ஆகவே ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு சமையல்கள் இருக்கின்றன. பூசணி தன்பாட்டில் வெந்து முடிய வேண்டும். அதற்குள் நிரப்பும் கலவையான உள்ளுடன் தன்பாட்டில் ருசியாகி முடிய வேண்டும். அதன் பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க எண்ணிப் பச்சைப் பூசணிக்குள் உள்ளுடனை அடைத்து ஒன்றாகப் போறணைக்குள் தள்ளினால், காய் வேக எடுக்கும் முக்கால் மணி நேரத்தில் மேலே உள்ள பருப்புகளும் பழங்களும் கருகிவிடும். காயிலிருந்து கசியும் நீரோ கீழே இறங்கி உள்ளுடனைக் கஞ்சியாக்கிவிடும். கொழுக்கட்டைக்கு உள்ளுடனை முன்பே கிண்டி ஆறவைக்கிறோமே, அதே நியாயம்தான் இங்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். கனடாவுக்கு வந்த மறு ஆண்டு, 1991இல், எட்டோபிக்கோவில் உள்ள ஒன்ராறியோ ஃபூட் டெர்மினலில் இரவு வேலை கிடைத்தது. 1954ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் பெரிய மொத்தச் சந்தை அது. விடியும் முன் கமக்காரரின் பார ஊர்திகள் வந்து நிற்கும். பெட்டிகளை இறக்கி அடுக்குவது என் வேலை. ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், விற்காமல் மீந்த பெட்டி ஒன்றைக் கமக்காரர் ஒருவர் என்னிடம் தந்துவிட்டுப் போனார். கடும்பச்சை நிறத்தில், நீள வரம்புகள் விழுந்து, ஓக் மரத்துக் கொட்டையை நூறு மடங்கு பெரிதாக்கியது போன்ற காய்கள். ஏகோர்ன் ஸ்குவாஷ் என்ற பெயர் அந்த உருவத்தால் வந்தது. நான் அவற்றை ஊர்ப் பூசணிக்காய் என்று எண்ணி, துண்டு துண்டாக வெட்டித் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். வெட்டும்போது கத்தி வரம்புக்குள் இறுகி நின்றுவிட்டது. கறியும் நாரும் நீருமாகப் பிரிந்து கிடந்தது. அடுத்த நாள், ஒரு மரக்கறிக் கடைக்காகக் கொள்முதல் செய்ய வரும் முதிய பெண்மணி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, என்மேல் மெய்யாகவே இரக்கப்பட்டு, பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்புறத்தில் செய்முறையை எழுதித் தந்தார். இரண்டாகப் பிள, வெட்டுமுகத்தைக் கீழே கவிழ், நாற்பது நிமிடத்துக்கு மறந்துவிடு என்பதே அதன் சாரம். அந்த அட்டை இன்னும் குசினி இழுப்பறைக்குள் இருக்கிறது.

இனிக் காயைத் தெரிவுசெய்யும் விதம். பதினொரு வருடம் பெட்டி தூக்கியவன் சொல்கிறேன், கண்ணைவிடக் கையை நம்பு. ஒரே அளவான இரண்டு காய்களை இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, பாரமானதை வைத்துக்கொள். தோல் மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பு முற்றாத காயின் அடையாளம் (மெழுகு பூசி வருவதும் உண்டு, ஆகவே நகத்தால் மெதுவாக அழுத்திப் பார், முற்றிய தோலில் நகம் இறங்காது). காம்பு தக்கை போல உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காம்பு உதிர்ந்த குழியின் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். மண்ணில் கிடந்த பக்கத்தில் செம்மஞ்சள் திட்டு ஒன்று இருப்பது நல்லது. ஆனால் ஏகோர்னின் பச்சை எல்லாம் போய் முழுவதும் செம்மஞ்சளாகி இருந்தால் அதை விட்டுவிடு, சதை நார்ப்பற்றியிருக்கும். உங்கள் நோவா ஸ்கோஷியாப் பக்கத்தில் அன்னபொலிஸ் பள்ளத்தாக்கிலிருந்து நல்ல காய்கள் ஹலிஃபக்ஸ் சந்தைக்கு வரும். அதே நேரத்தில், அங்குள்ள வின்ட்சர் ஊரில் ஹோவர்ட் டில் உருவாக்கிய அற்லான்டிக் ஜயன்ட் வகையின் இராட்சதப் பூசணிகளையும் காண்பாய். அவற்றைப் போய்ப் பார்த்து அதிசயப்படு, சமைக்க நினைக்காதே, அவை எடைக்காக வளர்க்கப்படுபவை.

இந்தக் காய்களுக்குப் பொதுவாக வழங்கும் விண்டர் ஸ்குவாஷ் என்ற பெயரைக் கேட்டு இது குளிர்காலத்தில் விளைவது என்று நீ சிறுவயதில் நினைத்திருந்தாய். கோடையில் வளர்ந்து, உறைபனி விழும் முன் பறிக்கப்பட்டு, தடித்த தோலின் பலத்தில் குளிர்காலம் வரை இருப்பதால் வந்த பெயர் அது. நீ இரண்டு கிழமைக்கு மேல் வைத்திருக்க விரும்பினால் ஏகோர்னை விடப் பட்டர்நட் என்ற வகை நல்லது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காமல், 10 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள உலர்ந்த மூலையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கிடக்கும். அப்பிள் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே. அப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூசணியைப் பழுதாக்கும். பட்டர்நட்டும் நம் ஊர் மஞ்சள் பூசணியும் பெரும்பாலும் ஒரே இனம், அதனால்தான் அதன் மணம் உன் அம்மாவுக்கு உடனே பழகிப்போனது. ஏகோர்ன் வேறு இனம். அதை அவர் ஏற்றுக்கொள்ள மூன்று இலையுதிர்காலங்கள் எடுத்தன.

நான்கு பேருக்கு 800 கிராம் அளவான இரண்டு ஏகோர்ன் காய்கள் போதும், ஆளுக்குப் பாதி. வெட்டும் வேலையில்தான் எனக்குப் பயம், ஆகவே இதைக் கவனமாக வாசி. வெட்டுப்பலகையின் கீழே ஈரத்துணியை விரித்துவிடு, பலகை வழுக்காது. காயின் தோலில் நான்கைந்து இடங்களில் கத்தி நுனியால் குத்தி, மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கு. தோல் சற்று இளகும். பிறகு காம்புக்குக் குறுக்கே போகாமல், காம்புக்குப் பக்கத்தால், இரண்டு வரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கத்தியின் நுனியை இறக்கி, மெல்ல மெல்லக் கீழே அழுத்து. கத்தி இறுகிவிட்டால் ஆட்டி இழுக்காதே; காயோடு சேர்த்துத் தூக்கிப் பலகையில் மெதுவாகத் தட்டினால் தானாகப் பிளக்கும். விதையையும் நாரையும் கரண்டியால் வழித்தெடு. விதையைக் கழுவித் துடைத்து, சிறிது எண்ணெயும் உப்பும் பிரட்டி, 300 பாகை ஃபாரன்ஹைட்டில் இருபது நிமிடம் வறுத்து வை. அதைக் கடைசியில் மேலே தூவலாம்.

போறணையை 400 பாகைக்குச் சூடாக்கு. வெட்டுமுகத்தில் எண்ணெய் தடவி, உப்பும் மிளகுதூளும் தூவி, பேக்கிங் தாள் விரித்த தட்டில் கவிழ்த்து வை. கவிழ்த்து வைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: உள்ளே சிறைப்படும் நீராவி சதையை வேகவைக்கும், தட்டில் படும் விளிம்பு பழுப்பேறி இனிக்கும். முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம் எடுக்கும். கத்தி நுனி எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் காயின் சுவர் சரியக் கூடாது. எடுத்தவுடன் நிமிர்த்தி வைத்து, உள்ளே தேங்கிய நீரை ஒரு துணியால் ஒற்றிவிடு. இந்த ஒற்றுதலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு உள்ளுடன் ஏன் சொதசொதவென்று இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

அந்த நேரத்தில் கரண்டி நுனியால் ஒவ்வொரு காயிலிருந்தும் சிறிது சதையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார். பீர்க்கங்காய் நறுக்கும்போது உன் அப்பம்மா இப்படித்தான் செய்வார். கடுமையாகக் கைத்தால் துப்பிவிட்டு அந்தக் காயை எறிந்துவிடு. அரிதாகவே நடக்கும், ஆனால் அந்தக் கைப்பைத் தரும் குக்கர்பிட்டசின் வேகவைத்தாலும் போகாது, வயிற்றைக் கடுமையாகக் கலக்கிவிடும். விருந்தினர் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

உள்ளுடனுக்கு நான் எப்போதும் வைல்ட் ரைஸ் எடுப்பேன். பெயரில் அரிசி இருந்தாலும் அது நெல்லின் தூரத்து உறவு மாத்திரம். இங்குள்ள ஏரிகளின் ஆழமற்ற நீரில் வளரும் ஒரு புல்லின் விதை. இங்குள்ள முதற்குடிகளான அனிஷினாபே மக்கள் அதை மனோமின் என்பார்கள். ஓடத்தில் போய், கதிர்களைத் தடியால் வளைத்துத் தட்டி, மணிகளை ஓடத்துக்குள்ளேயே உதிர்த்து அறுவடை செய்வது அவர்களுடைய முறை. அரைக் கோப்பை மணிக்கு இரண்டு கோப்பை தண்ணீரும் உப்பும் சேர்த்து, சிறு தீயில் ஐம்பது நிமிடம் வேகவிடு. கறுத்த தோல் வெடித்து வெள்ளை தெரியும்போது வடித்துவிடு. இதை முதல் நாளே செய்து வைத்தால் உன் திங்கட்கிழமை இலகுவாகும்.

அடுத்ததாக, 200 கிராம் காளானை நறுக்கி, அகன்ற சட்டியில் எண்ணெய் விட்டுத் தனியாக வதக்கு. முதலில் நீர் விடும், அந்த நீர் வற்றி, சட்டியில் ஒட்டிப் பழுப்பாகும் வரை பொறுத்திரு. இறைச்சி இல்லாத உள்ளுடனுக்கு அடர்த்தி தருவது இந்தப் பழுப்புத்தான். காளானை எடுத்துவிட்டு, அதே சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி பட்டர் உருக்கி சேஜ் என்னும் வாசனை மூலிகையின் ஆறேழு இலைகளை மொறுமொறுப்பாகப் பொரித்து எடு. மிஞ்சிய பட்டரில் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கிள்ளிய செத்தல் மிளகாய் இரண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு ஒன்று, உள்ளி இரண்டு பல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு வதக்கு. பெருஞ்சீரகமும் மிளகாயும் அந்தப் பெண்மணியின் அட்டையில் இல்லை, அவை நான் சேர்த்தவை. பெருஞ்சீரகத்துக்கும் சேஜுக்கும் உள்ள பொருத்தத்தை நீயே முகர்ந்து பார்த்து அறிவாய். கடைசியில் தோலோடு நறுக்கிய ஒரு புளிப்பான அப்பிள், ஒரு பிடி உலர்ந்த கிரான்பெரி, ஒரு பிடி உடைத்த வால்நட், வெந்த வைல்ட் ரைஸ், காளான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரட்டி, உப்புப் பார். பூசணியில் இனிப்பு இருப்பதால் உள்ளுடன் ஒரு பங்கு உறைப்பாகவும் புளிப்பாகவும் நிற்க வேண்டும். வால்நட் ஒவ்வாதவர் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடு.

பூசணிக் குழியின் உட்புறத்தில் ஒரு தேக்கரண்டி மேப்பிள் பாகு மட்டும் தடவு. சீனியும் பட்டரும் குழி நிறையக் கொட்டிச் செய்வோர் பலர் உண்டு. நல்ல காய்க்கு அது அநியாயம் என்பது என் எண்ணம். உள்ளுடனைக் குவியலாக நிரப்பி, 375 பாகையில் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைத்தெடுத்து, பொரித்த சேஜையும் வறுத்த விதையையும் தூவிப் பரிமாறு. தோலையும் உண்ணலாம், வெந்தபின் மென்மையாகிவிடும். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடு.

நீ எட்டு வயதில் டேபர் ஹில் மேட்டில் சறுக்கி விளையாட ஓடியதும், அது இந்த நாட்டின் முதற்குடி மக்கள் தம் மூதாதையரைப் புதைத்த இடம் என்று சொல்லி நான் உன் கையைப் பிடித்து நிறுத்தியதும் நினைவிருக்கிறதா? 1956இல் மண் அகழ்ந்தபோது அங்கே எலும்புகள் வெளிப்பட்டன. அந்த மக்கள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டவர்கள். சோளத்தில் அவரை ஏறும், அவரை மண்ணுக்கு உரமாகும், பூசணியின் அகன்ற இலை ஈரத்தைக் காக்கும். மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்துக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்கு ஏறத்தாழ 10,000 வயது. ஊரில் அப்பம்மாவின் வேலிக்கருகே படர்ந்த கொடியும், நம் செத்தல் மிளகாயும் இந்தக் கண்டத்திலிருந்துதான் கடல் கடந்து போயின. அதை அறிந்த பிறகு, இந்தக் காயோடு பெருஞ்சீரகத்தையும் மிளகாயையும் சேர்க்க எனக்கு இருந்த கூச்சம் போய்விட்டது.

அம்மா இரவு வேலைக்குப் போன வருடங்களில், மாலை ஐந்து மணிக்கே இருட்டும் நாட்களில், அந்தச் சிறிய அடுக்ககத்தில் போறணை எரியும் சூட்டுக்காகவே நான் இதை அடிக்கடி செய்தேன். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அம்மாவின் பங்கைத் தாள் மூடி வைத்திருப்போம். நீ தனியாக இருக்கும் நாட்களிலும் ஒரு காய் வாங்கிச் செய். தானியக் கிண்ணத்தோடு இரவைக் கழிப்பதாக நீ சொன்னது எங்கள் இருவருக்கும் கவலையாக இருக்கிறது. ஒரு பாதியை அன்றைக்குச் சாப்பிடு, மறுபாதியை நிரப்பாமல் மூடி வைத்து அடுத்த நாள் சூடாக்கு.

கத்தி மொட்டையாக இருந்தால் புதிதாக ஒன்று வாங்கு, மொட்டைக் கத்திதான் வழுக்கும். அம்மா தன் பங்குக்கு ஊர் மிளகாயும் பெருஞ்சீரகமும் சிறு பொதியாகக் கட்டி அஞ்சலில் அனுப்பியிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். திங்கட்கிழமை மாலை பூசணியைக் கவிழ்த்து வைத்த பிறகு உனக்கு நாற்பது நிமிடம் கையில் இருக்கும். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அப்பா