வலையங்குளத்து நிலமும் உன் நாலு செடியும்

தம்பி,

போனை எடுக்கமாட்டாய். வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் வராது. ஆனால் இங்கே நான் எது எழுதினாலும் அன்றைக்கே படித்துவிடுகிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் படிப்பார்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் படிப்பார்கள், என்னிடம் படித்த பிள்ளைகளும் படிப்பார்கள். சில இடங்களில் அளந்துதான் பேசுவேன். உனக்குப் புரியும்.

அம்மாவின் முதல் திதி முடிந்தது. பெரியப்பா மகன்தான் எள்ளும் தண்ணீரும் விட்டான். ஷெட் வேலை பாதியில் நிற்கிறது, வரமுடியாது என்று நீ சொல்லியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திட்டும்போது பாதியில் மூடிவிடாதே. பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். மதுரைப் பக்கம் வலையங்குளத்து நிலத்தில் உன் பங்கை விற்று, கனடாவில் உரிமம் எடுத்துக் கஞ்சா வளர்க்க நீ கட்டும் ஷெட்டில் போட்டுக்கொள். என் பங்கை விற்றுத் தரமாட்டேன்.

பதினாறாம் நாள் அன்று அத்தனை பேர் முன்னால் நிலத்தை விற்பது பற்றி நான் கோபமாகக் கேட்டது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரியும். அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் தனியாகப் பேச நீ எனக்கு எங்கே இடம் கொடுத்தாய்? வந்த மறுநாளே நிலத்தரகரோடு வயலில் நிற்கிறாய். அம்மா படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. ரிங் ரோடு பக்கம் விலை ஏறிவிட்டது, இப்போது விட்டால் கிடைக்காது என்று எனக்கு அவர் சொல்கிறார், நீ சொல்லவில்லை. அப்போது வந்த கோபம் அது. வார்த்தைக்குத்தான் வருத்தம், கோபத்துக்கு இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி இருக்கும் கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படியான பயிர். அவன் மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வயது வந்தவர்கள் வளர்க்கலாம். அவன் நாலைத் தாண்டியதில்லை, ஒரு கிராம்கூட விற்றதில்லை. ஏன் வளர்க்கத் தொடங்கினான் என்பது அவனும் அவன் டாக்டரும் பேசிக்கொண்ட விஷயம், அதை நான் எழுதமாட்டேன். இங்கே அப்படி இல்லை. இங்கே ஒரே ஒரு செடி வைத்தாலும் போதைப்பொருள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை சிறை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை மதுரை சிறப்பு நீதிமன்ற வாசலில் போலீஸ் வேனிலிருந்து இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நீ போனில் செடிக்குப் புது விளக்கு வாங்கியதைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறாய். நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும், சொல்.

உன் செடியை நான் குறை சொல்லவில்லை. அதை நேரில் பார்த்தவள் நான். அந்தப் பேஸ்மென்ட்டில் நீ லென்ஸை என் கையில் கொடுத்து, மொட்டின் மேல் பனித்துளி மாதிரி நிற்கும் பிசினைப் பார்க்கச் சொன்னாய். முதலில் கண்ணாடியாக இருக்கும், அப்புறம் பால் நிறம், அப்புறம் தேன் நிறம், பால் மாறித் தேன் தொடங்கும்போது வெட்ட வேண்டும் என்றாய். விடியுமுன் டார்ச் அடித்து எந்த மல்லிகை அரும்பு இன்றைக்கு விரியும் என்று பார்த்துப் பறிப்பாரே, அந்த அப்பாவின் முகம் அப்படியே உனக்கு வந்திருந்தது.

அந்தச் சாயங்காலம்தான் அம்மா வீடியோவில் வந்தார். பாப்பா வரைந்த படத்தைக் காட்டப் போனைத் திருப்பினாய், பின்னால் செடி தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு எது தப்பும்?

"அது என்னடா பின்னாடி, புளிச்சக்கீரையா? நல்லாத் தழைஞ்சிருக்கே."

நீ என்னைப் பார்த்தாய். நான்தான் "ஆமாம்மா" என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. இன்று வரை அது எனக்கு ஆறவில்லை. உன் வீடு, உன் செடி, உன் நாட்டுச் சட்டம். பொய் மட்டும் என் வாயிலிருந்து வரவேண்டியிருந்தது.

அம்மா விடவில்லை. போனைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். கீழ் இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளையாக இருந்ததை நீ கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கண்புரை எடுத்த கண்ணோடு மதுரையில் உட்கார்ந்துகொண்டு அவர் கண்டுபிடித்தார். "சாம்பல் நோய் விழுந்திருக்கு. சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெயக் கலந்து அடி. வெயில் தாழ அடி, இல்லன்னா இலை கருகிரும்." வெயிலே இல்லாத அறையில் நின்றுகொண்டு நீ "சரிம்மா" என்றாய். மறுநாள் ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைக்குப் போய் விளக்கேற்ற வைத்திருந்த வேப்பெண்ணெய் வாங்கிவந்து, அம்மா சொன்ன பக்குவத்தில் கலந்து, விளக்கை அணைத்துவிட்டு இலையைத் திருப்பித் திருப்பி அடித்தாய். வெள்ளை போய்விட்டது.

அதன் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் அம்மா, "அவன் கீரை எப்படி இருக்காம்? பறிச்சுக் கடைஞ்சானா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கேட்டார். நன்றாக வந்திருக்கிறதாம் என்றே கடைசிவரை சொன்னேன். அம்மாவை நிம்மதியாக வைத்திருந்தது அந்தப் பொய் என்று நீ சொல்லலாம். இருக்கலாம். சுமந்தது நான்தான்.

சரி, வேப்பெண்ணெய் பேச்சு வந்தபோது இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் உரிமக்காரர்கள் இந்தச் செடிக்கென்று பதிவான மருந்தைத்தான் அடிக்கலாமே. உரிமம் எடுத்துவிட்டால் அம்மா சொன்னதை நீ அடிக்க முடியாது. சரக்கை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்போது பூச்சிமருந்து, பூஞ்சை, உலோகம் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு செடி கெட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கிறாய். அங்கே பிடுங்கினதை எடை போட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி சாட்சி வைத்து அழிக்க வேண்டும், மாதம் முடிந்தால் அரசாங்கத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். உனக்கும் காவலுக்குப் பொறுப்பானவருக்கும் பாதுகாப்புச் சான்று வேண்டும். ஊராட்சிக்கும் தீயணைப்புக்கும் போலீசுக்கும் நீயே முன்கூட்டி எழுதித் தெரிவிக்க வேண்டும். போலீசுக்கு நாமே எழுதிப் போடுவதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது, அதற்காக என்னைக் கோழை என்று நினைக்காதே. நான் இருப்பது மதுரையில்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தரவில்லை. உனக்குத் தெரியும். நானும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம்பசலி அக்கா, கஞ்சா என்றதும் காதைப் பொத்திக்கொண்டாள் என்று மாமாவிடம் சொன்னாயாமே. பொத்திக்கொள்ளவில்லை. படித்த பிறகுதான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது.

என் பயம் இடத்தைப் பற்றியது. 2019 மே மாதத்திலிருந்து உங்கள் ஊரில் கட்டடத்தை முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் விண்ணப்பமே போட முடியும். சுவர், கேமரா, பூட்டு, காற்று வடிகட்டி எல்லாம் முதலில். உரிமம் வருமா, எப்போது வரும் என்று தெரியாமலே பணம் முழுக்க உள்ளே போய்விடும். வங்கி இந்தத் தொழிலுக்கு முகம் கொடுப்பதில்லை என்று நீயே சொன்னாய். அப்படியானால் போகிற பணம் அப்பாவின் மண். சின்ன உரிமத்துக்கு 200 சதுர மீட்டர் வரைதான் செடி நிற்கலாம் என்றிருந்ததை 2025 மார்ச்சில் 800 ஆக்கினார்கள். அன்றைக்குப் பெரிதானது உன் ஷெட். 200க்கே கையில் பணம் இல்லாதவனுக்கு 800 எதற்கடா?

அப்பா பயிரில் தோற்றதில்லை. வலையங்குளத்தில் அவர் தோட்டத்துப் பூவுக்கு ஈடு கிடையாது என்று பூ மார்க்கெட்டிலேயே சொல்வார்கள். தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது பனியில் செடியில் பூ இருக்காது. சித்திரையில் பூ கொட்டும்போது பறிகூலிக்குக் கட்டாது. அப்பா காலம் முழுக்க கமிஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து யாரோ சொன்ன விலைக்குத் தலையாட்டினார். உனக்கு அதை நினைவுபடுத்தத் தேவையில்லை, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போனவன் நீ. உன் மாகாணத்திலும் கடைகளுக்கெல்லாம் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி ஒரே ஒருவர், அதுவும் அரசாங்கம். வளர்க்கும் உரிமம் மட்டும் இருந்தால் அங்கேகூட நேராகப் போக முடியாது. பதப்படுத்தும் உரிமம் வைத்திருப்பவரிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. அதன் மேல் கலால் வரி, கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது கூடுதலோ அது. கிராம் 10 டாலருக்குப் போகும் என்ற நினைப்பில் போட்ட வரி. விலை விழுந்துவிட்டது, அந்த ஒரு டாலர் அப்படியே நிற்கிறது. விலை விழ விழ வரிக்குப் போகும் பங்கு ஏறுகிறது. இந்தக் கணக்கைத்தான் நான் உன்னிடம் கேட்டேன். நீ எனக்குச் செடியின் போட்டோ அனுப்பினாய்.

அந்தப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. உரிமம் கிடைக்கும்போது கையிலிருக்கும் செடியையும் விதையையும் ஒரே ஒரு முறை கணக்குக் காட்டி உள்ளே கொண்டுபோகலாமாமே. அம்மா கண்ட செடியின் பதியன் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுபோ. கேலிக்குச் சொல்லவில்லை.

இப்போது என் பங்கு. ஊருக்குப் பயந்து தரவில்லை என்று நினைத்தால் பாதி சரி. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கிறவள், கட்டிக்கொடுக்க ஒரு மகள் இருக்கிறாள், பயப்படத்தான் செய்வேன். மீதிப் பாதியைக் கேள். நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு வெளிநாட்டிலும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. நீ அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டாய், நான் ஆகவில்லை. 27ஏ பிரிவு பணம் கொடுப்பவரைப் பற்றியது, 10 முதல் 20 ஆண்டு. உன்னுடையதைப் போல் உரிமம் எடுத்துச் செய்யும் தொழிலுக்கு அது பொருந்துமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். கேட்டுவிட்டு வந்துதான் முடிவு செய்தேன் என்பது போதும்.

உன் பங்கு உன்னுடையது, அதில் எனக்கு வார்த்தை இல்லை. நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஜெயிக்காவிட்டால் வந்து விழ ஒரு முக்கால் ஏக்கராவது இருக்கட்டும் என்பதும் என் மனசில் இருக்கிறது. அதை நீ அவமானமாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்.

ஆகவேண்டியதைப் பார். பவர் பத்திரத்தை என் பெயருக்குப் போடாதே, மாமா பெயருக்குப் போடு. டொராண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், மறந்து பெட்டியில் வைக்கச் சொல்லாதே. விற்ற பணம் வாங்குகிறவரிடமிருந்து நேராக உன் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே வங்கியில் தரும் கணக்குக்கு, போகட்டும், என் கை வழியாகப் போகக்கூடாது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வாரிசுச் சான்றில் உன் இனிஷியல் தப்பாக இருந்தது, திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

கிணறு பொதுவில் இருக்கட்டும். கவாத்துக்கு ஆள் சொல்லும் முன் எந்தப் பக்கம் யாருக்கு என்று தெரியவேண்டும். ரோட்டுப் பக்கம் விலை போகும், அதை நீ எடுத்துக்கொள். கிணற்றடிப் பக்கம் எனக்கு. சம்மதம் இல்லையென்றால் மட்டும் போன் பண்ணு.

அக்கா