‘கைவிரித்துவிட்டார்கள்’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் நாள், உலகப் புற்றுநோய் நாளையொட்டி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிப்பவன் நான். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம் என்ற அறிவுரையும், நோயை வென்று வேலைக்குத் திரும்பியவர்களின் படங்களும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் நோய் முற்றி, இனிக் குணமாகாது என்று தெரிந்த பின்னும் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், நம்மிடையே வாழ்ந்துகொண்டிருப்பவர்களை அந்தப் பக்கங்களில் காண்பது அரிது. அவர்களுடைய பெயர் அச்சேறுவதெல்லாம் ‘புற்றுநோயுடன் போராடி வந்தவர் காலமானார்’ என்ற செய்தியில்தான். வென்றவர், தோற்றவர் என்ற இரண்டே வகுப்பில் அடங்காத இவர்களைப் பற்றிச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது வயிற்றின் உட்சவ்வு வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் ஆறு முறை கீமோவும் முடிந்து, கொட்டிய முடி வளர்ந்து, அவள் மறுபடி பூ வைத்துக்கொள்ளத் தொடங்கிய சமயத்தில் நோய் திரும்பியது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஊசி வைத்து எடுத்தால் சில நாட்களில் மீண்டும் சேர்ந்தது. சிகிச்சை பெற்றுவந்த மருத்துவமனையில் ஒரு நாள் என்னை மட்டும் தனியே அழைத்து, “இனிமே கீமோ தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைச் செஞ்சு குடுங்க” என்றார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தின் பொருளை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். வழக்கமாகச் சீட்டின் மூலையில் எழுதும் தேதியை அன்று அவர்கள் எழுதவில்லை. அதன் பிறகு அவள் ஏழு மாதங்கள் இருந்தாள்.

அந்த ஏழு மாதங்களில் முதல் இரண்டை நாங்கள் வீணாக்கினோம் என்பதே என் வருத்தம். “சொல்லிடாதீங்க அத்தான், அக்கா மனசை விட்டுடும்” என்று மைத்துனர் தடுக்க, ‘உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த கீமோ போட்டுக்கலாம்’ என்று வீடே சேர்ந்து ஒரு பொய்யைக் காத்துவந்தது. அவள் இருக்கும் அறைக்குள் சிரித்த முகத்தோடு போவதும், கொல்லைப்புறம் வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதுமாக இருந்தோம். ஒரு நாள் பீரோவில் சான்றிதழ் ஒன்றைத் தேடியபோது, மடித்து அடுக்கியிருந்த பட்டுப் புடவைகளின் இடையிடையே நாள்காட்டியில் கிழித்த துண்டுத் தாள்கள் செருகியிருந்ததைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்: மகள், மருமகள், நாத்தனார், வீட்டு வேலைக்கு வரும் பெண். தாள்களில் இருந்த தேதிகளோ ஒன்றரை மாதம் முந்தையவை. அன்று இரவு நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, “உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாருக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு பேரும் மறைக்கிறோம்?” என்றாள். மனம் விட்டுவிடுவாள் என்று நாங்கள் அஞ்சியவள் அன்றுதான், பல வாரங்களுக்குப் பிறகு, இடையில் விழிக்காமல் தூங்கினாள்.

எல்லா நோயாளிகளிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. அவர்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்காமல், மாப்பிள்ளையும் மைத்துனரும் கூடி முடிவெடுப்பதைத்தான் தவறு என்கிறேன். பேசவேண்டியவர்கள் பேசாமல் விடும் இடத்தில்தான் மற்றவர்கள் பேச வருகிறார்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றிய வாட்ஸ்அப் செய்தி எனக்கு ஒரே வாரத்தில் நான்கு பேரிடமிருந்து வந்தது. எந்த நிலையிலும் குணப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ஒரு கணிசமான தொகையையும் இழந்தேன். படித்து உத்தியோகம் பார்த்த என்னையே எளிதாக ஏமாற்றிவிட்டார்கள். அது நம்பிக்கை அன்று, நம்பிக்கையின் பெயரால் நடக்கும் வியாபாரம் என்று எடுத்துச் சொல்ல அப்போது யாரும் அருகில் இல்லை.

பிறகு, தெரிந்த செவிலியர் ஒருவர் சொல்லி, வேறோர் ஊரில் இருந்த வலி நிவாரண, நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் துயரையும் தணிக்கும் சிகிச்சை அது. அங்கிருந்த மருத்துவர் ஸ்கேன் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, “இந்த மாசத்துல நீங்க செய்யணும்னு நினைக்கிற வேலை என்னம்மா?” என்று அவளிடமே கேட்டார். அவள் சற்றும் யோசிக்காமல், “வடாம் போடணும்” என்றாள். மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது.

கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று, இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. போதை மாத்திரை கொடுக்கிறேன் என்று உறவினர் முகம் சுளித்தார்கள். முறையாக அளவறிந்து கொடுத்தால் வலிக்காக அதை உண்பவர் அடிமையாகிவிடுவதில்லை என்பதை அந்த மருத்துவர் மூன்று முறை எனக்கு விளக்க வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் இம்மருந்து நோயாளிகளுக்கே எட்டாக்கனி ஆனதும், 2014இல் அச்சட்டத்தைத் திருத்தி, உரிமம் பெறும் வழியை எளிதாக்கியதும் எனக்குப் பின்னாளில்தான் தெரியும். சட்டம் தளர்ந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் மாத்திரைக்காக நான் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பேருந்தில் சென்றுவந்தேன்.

வலி அடங்கிய பிறகுதான் அவளுக்கு மற்றவற்றைப் பற்றிப் பேச வாய் வந்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மருமகள் கூழ் கிளற, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் என் பழைய வேட்டியை விரித்து, இவள் நாற்காலியில் சாய்ந்தபடி, “உப்பைக் குறைச்சே போடு, காய்ஞ்சா ஏறும்” என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். நாழியைத் தன் கையால் நான்கு முறை பிழிந்தாள். ஐந்தாவதற்குக் கை வரவில்லை. அது காய்ந்து டப்பாவில் ஏறும் வரை நாள்தோறும் காலையில், “வெயில் எப்படி?” என்பதே அவள் கேட்கும் முதல் கேள்வியாக இருந்தது. அவள் நம்பிக்கை அந்த அளவுக்குத்தான் நீண்டது. அது போதுமானதாகவும் இருந்தது.

இதை ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உடல் வலி, மனத்துயர், குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் பின்னியதே இத்தகைய நோயாளியின் முழு வலி என்று வகுத்த ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், லண்டனில் அதற்கென்றே ஓர் இல்லத்தை 1967இலேயே திறந்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கம் முதலே இந்த ஆதரவு சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1993இல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய பணியை, பக்கத்து வீட்டாரும் ஊராட்சிகளும் தோள் கொடுத்து மாநிலமெங்கும் பரப்ப, கேரள அரசு 2008இல் அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு சேவை உண்டு. அத்திட்டத்தின் செவிலியர் எங்கள் வீட்டுக்கு வந்தார், புண் துடைத்தார், கிளம்பும்போது என்னைப் பார்த்து, “சார், நீங்க ராத்திரி தூங்குறீங்களா?” என்றார். நோயாளியைத் தவிர வீட்டில் வேறொரு மனிதனும் இருக்கிறான் என்று கண்டுகொண்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் ஒருவர் பார்க்க வேண்டிய ஊர்களோ பல.

ஆகவே அரசுக்கு என் வேண்டுகோள்: வட்ட அளவிலான ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்; வீட்டுக்கு வரும் செவிலியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மருத்துவர்களுக்கு ஒன்று: கீமோவை நிறுத்தும் அன்றே, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதையும் அதே சீட்டில் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் தங்கம் விலையையும் நாள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். மாவட்டவாரியாக நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவுகள் எங்கே, எந்தக் கிழமைகளில் இயங்குகின்றன, எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்ற பட்டியலை வாரத்துக்கு ஒரு முறையாவது உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் துறை ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்.